நூலும் இல்லை... தறியும் இல்லை... துணி மட்டும் உண்டு!



'கம்பளி' என்று சொன்னதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? ஆவடியை அடுத்த வெள்ளானூரில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "கம்பளிப்பூச்சி!" என்று கத்துவதற்கு நிறைய பேர் இருப்பார்கள். முருங்கை மரத்தில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு இருக்குமே, மேலே பட்டால் அரித்துத் தடித்துப் போகுமே, அதுதான்! இன்னும் சிலருக்கு, மார்கழி மாதம் விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போது தாத்தா மாட்டிக்கொள்ளும் குரங்குக் குல்லா ஞாபகம் வரும். வெயில் கொளுத்தும் நம் ஊரில் கம்பளிக்கு வேறு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்?

வேலை இருக்கிறது. ஆட்டுக் கம்பளியில் சாவிக்கொத்து, சில்லறைப் பை, காதணி, செருப்பு, யானை பொம்மை, சூடான டம்ளரை வைக்கும் வட்டத் துண்டு என்று எத்தனையோ பரிசுப் பொருட்கள் செய்கிறார்கள். இவற்றுக்கான துணியைச் செய்ய நூல் வேண்டாம், தறி வேண்டாம். கொஞ்சம் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு கைகள் இருந்தால் போதும்.

இப்படி உருவாகும் துணிக்கு 'ஃபெல்ட்' என்று பெயர். அது எப்படி உருவாகிறது? அதைச் செய்த கைகளுக்கு என்ன கிடைக்கிறது? வாங்க, பார்க்கலாம்.

சிக்குதான் ரகசியம்!

ஆவடியில் ராணுவ வீரர்களுக்கு உடை தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே துணியை வெட்டித் தைக்கிறார்கள். அந்தத் துணி வருவதற்கு முன் என்னென்ன நடந்திருக்கும்? முதலில் பஞ்சையோ கம்பளியையோ நூலாக நூற்க வேண்டும். அடுத்து அந்த நூலைத் தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி நெய்ய வேண்டும். அதன் பிறகுதான் கத்தரிக்கோலுக்கு வேலை.

ஃபெல்ட்டில் நூற்பும் கிடையாது, நெசவும் கிடையாது. கம்பளி நேராகத் துணியாகிவிடும். எப்படி?

காலையில் அம்மா தலை பின்னும்போது, "ஐயோ, என்னடி இவ்வளவு சிக்கு!" என்று திட்டுகிறார் அல்லவா? முடிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பிரிக்கவே முடியாமல் முடிச்சு விழுந்துவிடும். அந்தச் சிக்கை வேண்டுமென்றே உண்டாக்கினால் அதுதான் ஃபெல்ட்!

ஆட்டுக் கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் முடியும் நகமும் அதே கெரட்டின்தான். ஒரு கம்பளி இழையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அதன் மேலே குட்டிக் குட்டிச் செதில்கள் தெரியும். ஓட்டு வீட்டின் கூரையில் ஒரு ஓட்டின் மேல் இன்னொரு ஓடு ஏறி உட்கார்ந்திருக்குமே, அதுபோலச் செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். எல்லாச் செதிலும் இழையின் நுனிப்பக்கம் பார்த்திருக்கும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் பட்டதும் இந்தச் செதில்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அப்போது கையால் தேய்த்தால் இழைகள் நகர ஆரம்பிக்கும். ஒரு பக்கமாக மட்டும்தான் நகரும். திரும்பி வரப் பார்த்தால் செதில் தடுத்துவிடும். ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைகளுக்குள் புகுந்து புகுந்து கடைசியில் பூட்டுப் போட்டது மாதிரி இறுகிவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது. கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் சுடுதண்ணீரில் போட்டு அலசினால் சுருங்கிப் போவதும் இதனால்தான்.

ஒரு குட்டிச் சோதனை!

இதை இப்போதே உங்களால் சோதித்துப் பார்க்க முடியும். அம்மாவின் சீப்பில் இருந்து நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், விரலின் நீளவாக்கில் வைத்துக்கொண்டு விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். நீங்கள் இரண்டு பக்கமும்தான் தேய்க்கிறீர்கள். ஆனால், முடி ஒரே பக்கமாக ஊர்ந்து போகும்! தலையில் இருந்த வேர்ப்பக்கம் எதுவோ, அந்தப் பக்கம்தான் போகும். முடியைத் திருப்பி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இப்போது எதிர்ப்பக்கம் போகும். நம் முடியிலும் செதில்கள் இருப்பதால்தான் இந்த வேடிக்கை.

ஃபெல்ட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சாதாரணத் துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரிந்து வரும். ஃபெல்ட்டில் நூலே இல்லை, எங்கிருந்து பிரியும்? அதனால் ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லை. நீங்கள் கிரிக்கெட் ஆடுகிறீர்களே, அந்த டென்னிஸ் பந்தின் மேல் இருக்கும் புசுபுசுத் துணிகூட ஒருவகை ஃபெல்ட்தான். நல்ல டென்னிஸ் பந்துகளில் கம்பளியும் நைலானும் கலந்திருக்கும்.

நம்ம ஊர் ஆட்டுக்குக் கம்பளி எங்கே?

"எங்க தெருவிலும் செம்மறி ஆடு மேயுதே! அதில் கம்பளி எடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் ஒரு சிக்கல்.

வெள்ளானூர் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். இந்த மாவட்டத்திலும் பக்கத்துக் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இருக்கும் செம்மறி இனத்துக்கு 'சென்னைச் சிவப்பு' என்று பெயர். பழுப்பு நிறத்தில், குட்டையான முடியோடு வழவழவென்று இருக்கும். அதன் உடம்பில் இருப்பது முடிதான், கம்பளி அல்ல. இந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு திரிய அது என்ன மார்கழித் தாத்தாவா?

தமிழ்நாட்டில் கம்பளி தரும் ஆடுகளும் இருக்கின்றன. கோவைப் பக்கம் 'குரும்பை' ஆட்டின் கம்பளி சொரசொரப்பாக இருக்கும். நீலகிரி மலையில் 'நீலகிரி' இன ஆடு மென்மையான கம்பளி தரும். இந்த இனம் ரொம்பக் குறைந்துவிட்டதால், ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்ற ஊரிலும் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை உண்டு. ராஜஸ்தானில் 1962ல் தொடங்கிய மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை அது. அந்த நிறுவனம் இருக்கும் டோங்க் மாவட்டம், நாம் பார்க்கப்போகும் ஃபெல்ட் வேலைக்கும் பெயர்போனது.

கம்பளி எடுக்க ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. முடி வெட்டுவது போலக் கத்தரித்தால் போதும். வளர்ந்ததும் மறுபடி கத்தரிக்கலாம். ஆனால் ஒரு வருத்தமான செய்தி. இந்தியாவில் கிடைக்கும் கம்பளியில் பெரும்பகுதி சொரசொரப்பானது. மென்மையான கம்பளி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருந்து வருகிறது. அதனால் மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா போன்ற இடங்களில் ஆடு மேய்ப்பவர்கள் பலர், "கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை" என்று கம்பளியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். குப்பைக்குப் போகும் அந்தப் பொருளைக் காசாக்கும் வழிகளில் ஒன்று ஃபெல்ட்.

பனிக்குள் தூங்கிய அன்னம்!

நெசவு தெரிவதற்கும் முன்பே மனிதர்கள் ஃபெல்ட் செய்யக் கற்றிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் எண்ணம். ரஷ்யாவில் அல்டாய் மலைப்பகுதியில் பசிரிக் என்ற இடத்தில் பழங்காலக் கல்லறைகளைத் தோண்டினார்கள். உள்ளே எல்லாம் பனியாக உறைந்து கிடந்தது. அந்தப் பனிக்குள் கெட்டுப் போகாமல் இருந்தவற்றில் ஒன்று, கம்பளி ஃபெல்ட்டில் செய்த அன்னப்பறவை! உள்ளே மானின் முடியை அடைத்துச் செய்திருந்தார்கள். வயது சுமார் 2,300 ஆண்டுகள். இப்போது அது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மங்கோலியாவில் நாடோடி மக்கள் வாழும் வட்டக் கூடாரங்களுக்குச் சுவரும் கூரையும் ஃபெல்ட்தான். வெளியே கடுங்குளிர் அடித்தாலும் உள்ளே கதகதப்பு! நம் பக்கத்து நாடான நேபாளத்தின் காத்மாண்டுவில் பெண்கள் பலர் கோலிக்குண்டு போல வண்ண வண்ண ஃபெல்ட் உருண்டைகளை உருட்டுகிறார்கள். அவற்றைக் கோர்த்துத் தோரணம், விரிப்பு எல்லாம் செய்து வெளிநாடுகளுக்கு விற்கிறார்கள். அதற்கான கம்பளியில் நிறைய நியூசிலாந்தில் இருந்து வருகிறது.

காஷ்மீர் 'நம்தா'

நம் நாட்டில் இந்த வேலைக்கு 'நம்தா' என்று பெயர். காஷ்மீரில் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அக்பரின் குதிரை குளிரில் நடுங்கியதாம். அதற்கு நல்ல போர்வை செய்து தருபவருக்குப் பரிசு என்று அறிவித்தார்களாம். நுபி என்பவர் நூற்காத கம்பளியைச் சோப்புத் தண்ணீர் விட்டு அமுக்கிப் போர்வையாக்கிப் பரிசு வாங்கினாராம். நம்தா என்ற பெயரே அவரால்தான் வந்தது என்பார்கள். இது கதை, ஆனால், வேலை நிஜம்.

முதலில் கம்பளியைச் சுத்தம் செய்து, பஞ்சு மெத்தைக்குப் பஞ்சு அடிப்பது போலப் புசுபுசுவென்று ஆக்குவார்கள். அதை ஒரு பாயின் மேல் படலம் படலமாகப் பரப்புவார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து அமுக்குவார்கள். அப்புறம் பாயோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டி, கையாலும் காலாலும் உருட்டோ உருட்டு என்று உருட்டுவார்கள். கை கால் எல்லாம் கடுக்கும்! பிரித்துப் பார்த்தால் பஞ்சாக இருந்தது கெட்டியான விரிப்பாக மாறியிருக்கும். காய்ந்ததும் கொக்கி ஊசியால் பூவும் கொடியுமாகப் பூவேலை செய்வார்கள். அக்காவின் கல்யாண ரவிக்கைக்கு 'ஆரி ஒர்க்' செய்யக் கொடுக்கிறார்களே, அதே ஆரி ஊசி வேலைதான்.

இவ்வளவு அழகான தொழில் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. 1998ல் இருந்து 2008க்குள் நம்தா ஏற்றுமதி கிட்டத்தட்ட முழுவதுமாக நின்றுபோனதாக மத்திய அரசே சொல்கிறது. காரணங்கள் மூன்று: நல்ல கம்பளி கிடைக்கவில்லை, வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள், விற்கும் வழி தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க உருட்டியும் வீட்டுச் செலவுக்குக் காணாது என்றால், எந்த அப்பா தன் பிள்ளைக்கு அந்த வேலையைச் சொல்லித் தருவார்? கற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு பழைய கலையும் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும்.

ஸ்ரீநகரின் ஆரிஃபா

அப்படி மறைய விடமாட்டேன் என்று கிளம்பியவர்களில் ஒருவர் ஸ்ரீநகரைச் சேர்ந்த ஆரிஃபா ஜான். அங்கே உள்ள கைவினை வளர்ச்சி நிறுவனத்தில் படித்தவர். நம்தா செய்பவர்களின் நிலைமையைப் பார்த்து, அவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். புது வடிவங்களில் நம்தா செய்து கண்காட்சிகளில் விற்றார்.

2020 மார்ச் 8, மகளிர் தினத்தன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அவருக்கு 'நாரி சக்தி' விருது வழங்கினார். அதே நாளில் பிரதமர் நரேந்திர மோடி தன் சமூக வலைதளக் கணக்குகளை ஏழு பெண்களிடம் ஒப்படைத்து, அவரவர் கதையைச் சொல்லச் செய்தார். அந்த ஏழு பேரில் ஆரிஃபாவும் ஒருவர். இன்னொருவர் யார் தெரியுமா? பசித்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் வேலையைச் செய்துவந்த, நம் சென்னையைச் சேர்ந்த சினேகா மோகன்தாஸ்!

அதற்குப் பிறகு அரசும் காஷ்மீரின் ஆறு மாவட்டங்களில் நம்தா பயிற்சித் திட்டம் நடத்தியது. சுமார் 2,200 பேர் கற்றுக்கொண்டார்கள். 2023 ஜூலையில், அந்தத் திட்டத்தில் செய்த நம்தா பொருட்களின் முதல் தொகுதி இங்கிலாந்துக்குக் கிளம்பியது.

நீங்களும் ஒரு உருண்டை உருட்டலாம்!

தேவையானவை: நூலாக நூற்காத, சீவிய செம்மறிக் கம்பளி ஒரு கைப்பிடி, குளிக்கும் சோப்பு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், ஒரு துண்டு.

முதலில் கம்பளியைக் கையால் பிய்த்துப் பிய்த்துப் புசுபுசுவென்று ஆக்குங்கள். கொஞ்சத்தை எடுத்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். அதன் மேல் மெல்லிய படலமாக மற்றதைச் சுற்றுங்கள். ஒரு முறை நேராக, ஒரு முறை குறுக்காக. ஆரஞ்சுப் பழ அளவு வந்ததும் சோப்புத் தண்ணீரில் நனையுங்கள். கையில் சோப்பு தடவிக்கொண்டு, லட்டு பிடிப்பது போல மெதுவாக உருட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே அழுத்தினால் வெடிப்பு விழும்! மேல்தோல் மாதிரி ஒரு படலம் உருவானதும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுங்கள். தண்ணீர் ஆறிவிட்டால் மறுபடி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். பொறுமை வேண்டும். உருண்டை சின்னதாகிக்கொண்டே வந்து, அமுக்கினால் அமுங்காத அளவுக்கு இறுகியதும் நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் ஒற்றிக் காய வையுங்கள். ஓரிரு நாளில் காய்ந்துவிடும்.

சீவிய கம்பளி கிடைக்கவில்லையா? பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் பெரியவர்களிடம் கேட்டு வாங்கி, சோப்புச் சுடுதண்ணீரில் நன்றாகக் கசக்கி அலசச் சொல்லுங்கள். சுருங்கிக் கெட்டியானதும் வெட்டி, சில்லறைப் பை தைக்கலாம். ஆனால் அது அசல் கம்பளியாக இருக்க வேண்டும். கடைகளில் 'உல்லன் நூல்' என்று விற்பதில் நிறைய அக்ரிலிக். அது ஒருவகை பிளாஸ்டிக் இழை. அதில் கம்பளிச் செதில் கிடையாது, சிக்கு பிடிக்காது. ஃபேன்ஸி கடையில் வண்ண வண்ணமாகத் தொங்கும் 'ஃபெல்ட் ஷீட்'டும் பெரும்பாலும் செயற்கை இழைதான். வாங்கும் முன் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. முள் வைத்த நீளமான ஊசியால் குத்திக் குத்தியும் ஃபெல்ட் பொம்மை செய்வார்கள். அது கையைப் பதம் பார்த்துவிடும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

விலை என்ன போடலாம்?

பள்ளிக் கண்காட்சியில் ஃபெல்ட் சாவிக்கொத்து விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போடலாமா? கம்பளிக்கு 10 ரூபாய். வளையத்துக்கு 5 ரூபாய். சோப்பு, பை எல்லாம் சேர்த்து 5 ரூபாய். மொத்தம் 20 ரூபாய்.

"அப்படியானால் 20 ரூபாய்க்கு விற்கலாம்" என்கிறீர்களா? நில்லுங்கள்! உருட்ட எவ்வளவு நேரம் ஆனது? 40 நிமிடம். ஒரு மணி நேர உழைப்புக்கு 60 ரூபாய் என்று வைத்தால், 40 நிமிடத்துக்கு 40 ரூபாய். ஆகச் சரியான விலை 60 ரூபாய். அதையே ஒரு கடையில் வைத்து விற்கச் சொன்னால், கடைக்காரருக்கும் வாடகை, மின்சாரச் செலவு இருக்கிறது அல்லவா? அவர் 30 ரூபாய் எடுத்துக்கொண்டால் கடையில் அதன் விலை 90 ரூபாய்.

இப்போது ஒருவர் வந்து, "இந்தத் துளியூண்டு உருண்டைக்கு அறுபது ரூபாயா? இருபதுக்குக் கொடு!" என்று பேரம் பேசுகிறார். கொடுத்தால் என்ன ஆகும்? கம்பளி விற்றவருக்குக் காசு போய்விட்டது. வளையம் விற்றவருக்கும் போய்விட்டது. உருட்டிய கைக்கு? பூஜ்யம்! உங்களுக்கு இது ஒரு நாள் கண்காட்சி. பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம். ஆனால் பாய் முடைபவருக்கும், மண்பானை செய்பவருக்கும், நம்தா உருட்டுபவருக்கும் தினமும் அதுதான் சாப்பாடு. விலையில் கையின் கூலி விட்டுப்போனால், கொஞ்ச நாளில் அந்தக் கை வேறு வேலைக்குப் போய்விடும். கலையும் கூடவே போய்விடும்.

அதற்காகக் கேட்ட விலையை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பது இல்லை. அடுத்த முறை ஏதாவது கண்காட்சியில் கைவினைப் பொருள் ஒன்று பிடித்துப் போனால், செய்தவரிடம் முதலில், "இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு அக்கா?" என்று கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறமும் பேரம் பேசத் தோன்றுகிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள், சரியா குட்டீஸ்?